இரண்டு லியூகாவுக்கு 28 யூரோ

நாலரை கிலோமீட்டருக்கு 28 யூரோ! இதை முதலில் கொட்டிவிட்டால்தான் மற்றதை நிதானமாக எழுத வரும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலும் 2,800 ரூபாய். மீட்டரும் ஓடவில்லை. "இந்த நேரத்துக்கு இதுதான் ரேட்" என்றார் டாக்ஸி ஓட்டுநர். மணி மாலை ஆறு, அதுவும் ஜூலை மாதம். வெளியே வெயில் நம் ஊர் மூன்று மணி மாதிரி காய்கிறது. எந்த நேரத்துக்கு என்ன ரேட்?

அந்தத் தூரம் ரோமானியர் கணக்கில் இரண்டு லியூகா. ஒரு லியூகா என்பது ஒன்றரை ரோமானிய மைல், நம் கணக்கில் சுமார் 2.2 கிலோமீட்டர். மதியம் இதே தூரத்தை இரண்டு மணி நேரம் ரசித்து ரசித்து நடந்திருந்தேன். மாலையில் ஏழு நிமிடத்தில் காசு கொடுத்துத் திரும்பி வந்தேன். எதற்காக என்று பிறகு சொல்கிறேன், மச்சினன் மானம் சம்பந்தப்பட்ட விஷயம்.

வியன்னாவில் வேலை பார்க்கும் அந்த மச்சினன் வீட்டில் பத்து நாள் தங்கல். விடுதிச் செலவு இல்லை என்பதால்தான் இந்தப் பயணமே நடந்தது. வீட்டம்மாவும் அவன் மனைவியும் கடைவீதிக்குக் கிளம்பிய நாளில் அவனை கார்னுண்டும் என்ற பழைய ரோமானிய ஊருக்கு இழுத்துக்கொண்டு போனேன். வியன்னாவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர், டான்யூப் ஆற்றின் தென்கரை.

"அங்க என்ன மாமா இருக்கு?"

"ஒரு வயல் இருக்கு."

"வயல் பாக்கவா ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தீங்க?"

ஆமாம், கிட்டத்தட்ட அதற்குத்தான்.

போகும் வழி எளிது. வியன்னா மிட்டெ நிலையத்தில் எஸ்7 ரயில், விமான நிலையத்தைத் தாண்டி மொத்தம் ஒரு மணி நேரம், பெட்ரோனெல்-கார்னுண்டும் நிலையத்தில் இறங்க வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வியன்னாவின் நகரப் பயணச்சீட்டு நகர எல்லை வரைதான் செல்லும். நான் வாரச் சீட்டை வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். மச்சினன் கேட்டிராவிட்டால் பரிசோதகர் கேட்டிருப்பார், அபராதம் நூறு யூரோவைத் தாண்டியிருக்கும். அவசர அவசரமாகக் கைப்பேசியில் கூடுதல் சீட்டு எடுத்தோம்.

பெட்ரோனெலில் எல்லோரும் போவது மறுநிர்மாணம் செய்யப்பட்ட ரோமானிய நகரப் பகுதிக்கு. பழைய அஸ்திவாரத்தின் மீதே ஒரு வணிகர் வீடு, ஒரு குளியல் மண்டபம், ஒரு பணக்கார மாளிகை ஆகியவற்றைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். தரைக்கு அடியில் சூடான காற்று ஓடும் வெப்ப அமைப்பு உட்பட எல்லாம் வேலை செய்யும்படிதான் கட்டியிருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் கொண்டாட்டம். எனக்கு அது கொஞ்சம் அதிகச் சுத்தம். சமையலறையில் கரி இல்லை, ஈ இல்லை, முந்தாநாள் எண்ணெய் வாசனை இல்லை. ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். நுழைவுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதே சீட்டில் கிழக்கே உள்ள அரங்கத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். அந்தக் காசுக்கு அது நியாயம்தான்.

பேரரசர்கள் பெயரெல்லாம் இங்கே தாராளமாகக் கிடைக்கும். மார்க்கஸ் ஆரேலியஸ் போர்க்காலத்தில் இங்கே தங்கியிருந்தார், செப்டிமியஸ் செவேரஸ் கி.பி. 193இல் இங்கேதான் பேரரசராக அறிவிக்கப்பட்டார், 308இல் பேரரசர்கள் கூடிப் பேசியதும் இங்கேதான். எங்கே திரும்பினாலும் பலகை.

ஆனால் நான் வந்த வயலுக்குப் பலகை அதிகம் இல்லை.

விஷயம் இதுதான். கார்னுண்டும் ஒரே ஊர் இல்லை, இரண்டு. இப்போது பார்த்த பகுதி குடிமக்கள் நகரம். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் முனிசிபியம், செவேரஸ் காலத்தில் கொலோனியா என்று தகுதி உயர்ந்து, தனக்கென மன்றமும் அதிகாரிகளும் நிலமும் வைத்திருந்த ஊர். அதற்குக் கிழக்கே சுமார் இரண்டு கிலோமீட்டரில் லீஜியன் எனப்படும் ரோமானியப் படைப்பிரிவின் முகாம். முதல் நூற்றாண்டில் பதினைந்தாம் லீஜியன் அப்போலினாரிஸ், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பதினான்காம் லீஜியன் ஜெமினா. ஒரு லீஜியனில் ஐயாயிரம், ஆறாயிரம் பேர். மாதம் தவறாமல் இல்லாவிட்டாலும் தவணை தவறாமல் சம்பளம் வாங்கும் ஐயாயிரம் பேர் ஓரிடத்தில் இருந்தால் சுற்றிலும் என்ன முளைக்கும்? சாப்பாட்டுக் கடை, மதுக்கடை, செருப்புத் தைப்பவர், வட்டிக்காரர், காதலி, காதலியின் அம்மா, ஓய்வு பெற்றும் ஊர் திரும்ப மனமில்லாத பழைய சிப்பாய். முகாமின் மேற்கு, தெற்கு, கிழக்கு என மூன்று பக்கமும் (வடக்கே ஆறு) அப்படி ஒரு ஊர் முளைத்தது. அதன் பெயர் கனபே. கொட்டகைகள், கடைக்குடில்கள் என்று அர்த்தம்.

பெயர்தான் கொட்டகை. பிறகு கல்வீடு, குளியல் மண்டபம், கோயில், ஆளுநர் மாளிகை எல்லாம் வந்துவிட்டன. மாறாதது ஒன்று: நிலம் படையினுடையது. கனபேயில் மூன்று தலைமுறை கடை வைத்திருந்தாலும் காலடி மண் உங்களுடையது ஆகாது. உங்கள் தெருவின் கடைசி அதிகாரம் முகாமுக்குள் இருக்கும் லீஜியன் தளபதி. கன்டோன்மென்ட் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். கல்வெட்டுகளில் இவர்கள் தங்களைக் 'கனபேயின் குடிகள்' என்றுகூடச் சொல்லிக்கொள்வதில்லை, 'கனபேயில் தங்கியிருக்கும் ரோமானியக் குடிமக்கள்' என்கிறார்கள். வந்து தங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்!

இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும்? அங்கேதான் லியூகா வருகிறது. கிழக்கே பஃபென்பெர்க் என்றொரு குன்று, அதன் மேல் ஜூபிட்டர் கோயில் வளாகம் இருந்தது. அங்கே கிடைத்த பலிபீடக் கல்வெட்டுகளில் 'கார்னுண்டுமில் லியூகாவுக்குள் தங்கியிருக்கும் ரோமானியக் குடிமக்கள்' என்று வருகிறது. முகாமிலிருந்து ஒரு லியூகா வரை படையின் வட்டம், அதைத் தாண்டினால் ஊரின் நிலம் என்பதுதான் ஆய்வாளர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம். முனிசிபியமாக உயர்ந்த குடிமக்கள் நகரம் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. ஒட்டிக்கொண்டு வளர்ந்த கொட்டகை ஊருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, தள்ளி நின்ற ஊருக்குக் கிடைத்தது. இதைப் படித்த நாளிலிருந்தே அந்தத் தூரத்தை ஒருமுறை காலால் நடந்துவிட வேண்டும் என்று ஆசை.

அதற்கு முன் மதியச் சாப்பாடு. ஊர்ப் பெயரும் கடைப் பெயரும் வேண்டாம். அப்பக் கீற்றுகள் மிதக்கும் சூப், ரப்பர் மாதிரி ஷ்னிட்சல் என்ற இறைச்சி வறுவல். அதைக்கூட மன்னித்துவிடுவேன். குழாய்த் தண்ணீருக்கு ஒரு குவளைக்கு இரண்டு யூரோ வீதம் பில்லில் ஏற்றியிருந்தார்கள். ஆல்ப்ஸ் மலைத் தண்ணீர் குழாயில் இலவசமாக வரும் நாடு என்று மச்சினன் காலையெல்லாம் பெருமையடித்திருந்தான். பில்லைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த எரிச்சலில் வேகமாக எழுந்து வந்தோம். அந்த வேகத்தில் அவன் தோள்பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டான். பர்ஸ், வீட்டுச் சாவி, குடியிருப்பு அனுமதி அட்டை எல்லாம் அதற்குள். இது எங்களுக்குத் தெரிய வந்தது ஐந்து மணி நேரம் கழித்து.

சரி, நடை. பெட்ரோனெலின் கடைசி வீடுகளைத் தாண்டியதும் நிலம் திறந்துகொள்கிறது. கோதுமை அறுத்து முடித்த தாள், ஒரு பக்கம் சூரியகாந்தி, தூரத்தில் காற்றாலைகள், இடதுபுறம் டான்யூப் கரையின் மரக்கூட்டம். எதுவுமே இல்லை. இந்த 'எதுவுமே இல்லை'க்கு அடியில்தான் எல்லாம் இருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தப் பகுதி முழுவதையும் தரை ஊடுருவும் ரேடாராலும் காந்த அளவீட்டாலும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு மண்வெட்டிகூடப் போடாமல் தெருக்களும் சுவர்களும் வரைபடத்தில் வந்துவிட்டன. குடிமக்கள் நகரத்துக்கு வெளியே ஒரு கிளாடியேட்டர் பயிற்சிப் பள்ளியே 2011இல் இப்படித்தான் அகப்பட்டது. வறண்ட கோடையில் புதைந்த சுவரின் மேலுள்ள பயிர் மட்டும் முன்னதாகவே மஞ்சளாகிவிடும், விமானத்திலிருந்து பார்த்தால் தெரு தெருவாகத் தெரியும். தரையில் நிற்கும் எங்களுக்கு அறுத்த தாள்தான் தெரிந்தது.

கைப்பேசியில் தூரம் பார்த்துக்கொண்டே போனேன். 1.4, 1.6. மச்சினன் தொப்பி இல்லாமல் வந்து புலம்பிக்கொண்டிருந்தான்.

"இப்ப நாம யாரு நிலத்துல நிக்கிறோம் தெரியுமா?"

"யாரு நிலமா இருந்தா என்ன மாமா, நிழல் இல்லியே."

யார் நிலம் என்பது அந்தக் காலத்தில் உயிர் போகிற கேள்வி. படைக்கு முகாமும் கடைத்தெருவும் மட்டும் போதாது. குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் புல் வேண்டும், விறகுக் காடு வேண்டும், கல் குவாரி, சுண்ணாம்புச் சூளை, ஓட்டுச் சூளை எல்லாம் வேண்டும். பதினான்காம் லீஜியன் தன் பெயரை முத்திரை குத்திச் சுட்ட ஓடுகள் இந்தப் பக்கம் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஸ்பெயினின் வடக்கே கான்டாப்ரியாவில் இன்னும் தெளிவு, அகஸ்டஸ் காலத்து எல்லைக்கற்கள் பத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஒரு பக்கம் நான்காம் லீஜியனின் புல்வெளி, மறுபக்கம் ஜூலியோப்ரிகா ஊராரின் நிலம் என்று கல்லிலேயே வெட்டி நட்டிருக்கிறார்கள். அடுத்த பயணம் அங்கே என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கல் நடாத இடத்தில் என்ன நடந்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். இங்கே அல்ல, ரைன் ஆற்றின் கீழ்ப்பகுதியில், கி.பி. 58ஆம் ஆண்டு. படைக்கென ஒதுக்கி வைத்த கரை நிலம் சும்மா கிடந்தது. ஃப்ரிசியர் என்ற இனத்தார் வந்து வீடு கட்டி விதைத்தார்கள். அவர்களுடைய தலைவர்கள் இருவர் ரோமுக்கே போய்ப் பேரரசர் நீரோவைப் பார்த்தார்கள். நீரோ இருவருக்கும் குடியுரிமை கொடுத்தார், அவர்களுடைய மக்களை நிலத்தை விட்டு வெளியேறச் சொன்னார். போக மறுத்தவர்கள் மீது குதிரைப்படை பாய்ந்தது. அவர்கள் போனதும், வேறிடத்திலிருந்து துரத்தப்பட்ட ஆம்ப்சிவாரியர் அதே நிலத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய தலைவர் போயோகாலஸ் ஐம்பது வருடம் ரோமுக்கு விசுவாசமாக இருந்த கிழவர். எப்போதாவது சிப்பாய்களின் மாடு மேய்வதற்காக இவ்வளவு நிலம் தரிசாகக் கிடக்க வேண்டுமா, மனிதன் பசியோடு இருக்கும்போது மாட்டுக்கு நிலமா என்று கேட்டார். ரோமானியத் தளபதி ரகசியமாக அவருக்கு மட்டும் நிலம் தருவதாகச் சொன்னார். அது துரோகத்துக்கான கூலி என்று அவர் மறுத்துவிட்டார். வாழ எங்களுக்கு மண் இல்லாமல் போகலாம், சாக மண் இல்லாமல் போகாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். கடைசியில் அந்த இனமே அலைந்து அழிந்தது.

இதை நான் நடு வயலில் கைவீசிச் சொல்லி முடித்தபோது மச்சினன் புலம்பலை நிறுத்தியிருந்தான். "அந்தக் கிழவர் பேர் என்ன சொன்னீங்க?" என்று மறுபடி கேட்டுக்கொண்டான்.

முகாம் இருந்த இடம் வந்ததும் தெரியாது. இன்றைய நெடுஞ்சாலை அதை ஊடறுத்துக்கொண்டு போகிறது, லாரிகள் சர்சர்ரென்று கடக்கின்றன. நூறு வருடத்துக்கு முன்பு தோண்டிப் பார்த்துவிட்டு மண் போட்டு மூடிவிட்டார்கள். நிலம் லேசாகப் புடைத்திருக்கிறதா, அல்லது என் ஆசையா என்று சொல்ல முடியாது. அங்கே கால் மணி நேரம் நின்றேன். சிப்பாய்க்குச் சட்டப்படி கல்யாணம் கிடையாது. அவன் சேவை செய்யும் மாகாணத்தில் நிலம் வாங்கவும் தடை, உழவு ஆசை வந்தால் படையை மறந்துவிடுவான் என்று காரணம் சொன்னார்கள். இருபத்தைந்து வருடச் சேவை. அதனால் குடும்பம் மதிலுக்கு வெளியே கனபேயில். அங்கே பிறந்த பையன் வளர்ந்து படையில் சேரும்போது, சொந்த ஊர் என்ற இடத்தில் 'முகாம்' என்று எழுதிக்கொண்டார்கள். ஊரே இல்லாத ஊர்க்காரன்! சிப்பாய்கள் மனைவியோடு சேர்ந்து வாழலாம் என்று பிறகு இளக்கிவிட்டவர் செவேரஸ், இங்கிருந்த படைகள் பேரரசராக்கிய அதே ஆள்.

முகாமை ஒட்டியே கனபேக்கான அரங்கம். சுமார் 8,000 பேர் உட்காரலாம், இன்று புல் மூடிய நீள்வட்டக் கிண்ணம். இங்கே கிடைத்த கல்வெட்டு ஒன்று எனக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த விஷயம். கயஸ் டொமிஷியஸ் ஸ்மராக்டஸ் என்றொருவர், சொந்த ஊர் எங்கோ சிரியாப் பக்கத்து அந்தியோக்கியா. குடிமக்கள் நகரத்து மன்ற உறுப்பினர், பெயருக்கு மரகதம் என்று பொருள், நல்ல பசையுள்ள ஆள். அரங்கத்தைத் தன் சொந்தச் செலவில் கட்டினேன், பொது நிலத்தில் கட்டினேன் என்று எழுதி வைத்திருக்கிறார். காசு அவருடையது, மண் அவருடையது இல்லை. கல்லிலேயே அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் பெருமையடிக்கிறார். அங்கே எங்களைத் தவிர ஒரு சைக்கிள்காரர் மட்டும் இருந்தார், அவரும் வாழைப்பழம் தின்றுவிட்டுப் போய்விட்டார்.

அங்கிருந்து பாட் டாய்ச்-ஆல்டன்பர்க். 1904இல் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் திறந்து வைத்த அருங்காட்சியகம், ரோமானிய மாளிகை பாணியில் கட்டிய கட்டடம். ரோமானியப் படையினர் வணங்கிய மித்ராஸ் தெய்வத்தின் சிற்பத்தைப் பார்க்காமல் வராதீர்கள். உள்ளே குளிர்ச்சி, கழிப்பறை சுத்தம். பஃபென்பெர்க் குன்றுக்குப் போக வேண்டும் என்று துடித்தேன். கீழிருந்து பார்த்தால் குன்றைக் கல் குவாரி தின்றிருக்கிறது. கோயில் வளாகத்தை அகழ்ந்து பதிவு செய்த பிறகு இடத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். 'லியூகாவுக்குள்' என்று எழுதியவர்கள் ஒவ்வொரு ஜூன் 11ஆம் தேதியும் பலியிட்ட இடம் இன்று எந்தச் சாலைக்கடியில் ஜல்லியாகக் கிடக்கிறதோ.

அப்புறம்தான் ஒரு அருமையான சாப்பாடு. திராட்சைத் தோட்டக்காரர்களே சொந்த ஒயினை ஊற்றிக் கொடுக்கும் கடைகளுக்கு ஹொய்ரிகர் என்று பெயர். மரத்தடியில் நீள பெஞ்சு. கருப்பு ரொட்டி மேல் லிப்டாவர் என்ற காரமான பாலாடைப் பூச்சு, பச்சை வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி. மிளகாய்ப் பொடி வாசனையில் எனக்குப் பாதி ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஸ்வைகெல்ட் என்ற சிவப்பு ஒயின், இந்த வட்டாரத்தின் பெருமை. இருவருக்கும் சேர்த்து 19 யூரோ, தண்ணீர்க் கூஜா கேட்காமலே வந்தது, காசு இல்லை! கனபே என்ற சொல்லுக்கு ஒயின் கடை என்றும் ஒரு பொருள் உண்டு. ஆக இந்த மண்ணில் அந்தத் தொழில் மட்டும் பிசகாமல் நடக்கிறது. பக்கத்து பெஞ்சில் ஒரு பெரியவர், வயல்காரர். நாங்கள் எங்கே நடந்து வந்தோம் என்று மச்சினன் ஜெர்மனில் சொன்னதும் சிரித்தார். அவருக்கும் அந்தப் பக்கம் நிலம் இருக்கிறதாம். உழலாம், ஆழமாக உழக்கூடாது, கட்டடம் நினைத்தே பார்க்கக்கூடாது. ராத்திரியில் உலோகங்காட்டிக் கருவியோடு திருடர்கள் வருவது வேறு தொல்லை. "ரோமானியர்கள் இன்னும் காலி பண்ணல" என்று மச்சினன் மொழிபெயர்த்தான், அவர் சொன்னதா இவன் சேர்த்ததா தெரியாது.

பில் கொடுக்கப் பர்ஸைத் தேடும்போதுதான் பையைக் காணோம் என்று தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக் கடைக்குப் போன் போட்டால், பை இருக்கிறது, ஆறேகாலுக்குப் பூட்டுகிறோம் என்றார்கள். மணி அப்போது ஐந்து ஐம்பது. அடுத்த ரயில் வர நேரம் இருந்தது. ஹொய்ரிகர்க்காரம்மா கொடுத்த எண்ணில் அந்த டாக்ஸி வந்தது, அந்த 28 யூரோவும் போனது.

மதியம் பத்து அடிக்கு ஒருமுறை நின்று பார்த்த நிலமெல்லாம் ஜன்னலில் கரகரவென்று ஓடியது. அரங்கம் போனது, முகாம் போனது, சூரியகாந்தி போனது. ஓட்டுநருக்கு இந்த ஊர் பற்றி ஏதாவது தெரியுமா என்று மச்சினனைக் கேட்கச் சொன்னேன். இங்கே ஒன்றும் இல்லை, பெட்ரோனெலில்தான் ரோமானிய நகரம் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்றாராம்.

பை கிடைத்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். நிலையத்தில் ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம். மச்சினன் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, "டாக்ஸி காசு நான் குடுத்துடறேன் மாமா, அக்காகிட்ட பை விஷயம் மட்டும் சொல்லாதீங்க" என்றான். பதினான்கு யூரோவுக்குப் பேரம் முடிந்தது.